துணியைப் பார்த்தேன், துடைப்பத்தைப் பார்க்கவில்லை

கடந்த தவணையில், புகைப்பட வகுப்பின்போது விரிவுரையாளர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். தலையோடு போர்த்திய பூப்போட்ட சாதோர் துணி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துடைப்பம். அடுத்தடுத்த படங்களில் இஸ்திரிப்பெட்டி, தேநீர்க் கோப்பை, மஞ்சள் ரப்பர் கையுறை. "பாவம், முக்காடு முகத்தையே பறித்துவிட்டது" என்று குறிப்பேட்டில் எழுதினேன். பக்கத்தில் இருந்த மலாய்த் தோழி, துடோங் அணிபவள், என்ன எழுதினாய் என்று கேட்டாள். சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"துணியை ஏன் பார்க்கிறாய்? துடைப்பத்தைப் பார். அது என் அம்மா. உன் அம்மாவும்தான்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிரவே தேடிப் படித்தேன்.

படங்களை எடுத்தவர் ஷாதி கதிரியான். 1974இல் தெஹ்ரானில் பிறந்து, அங்கேயே புகைப்படக் கலை பயின்றவர். 'அன்றாடம் போல' என்ற அந்தத் தொடரைத் தம் திருமணத்துக்குப் பிறகு, 2000ஆம் ஆண்டுவாக்கில் உருவாக்கினார். ஓயாத வீட்டு வேலையில் ஒரு மனைவியின் முகம் என்ன ஆகிறது என்பதுதான் அதில் இருக்கிறது. தோழி சரியாகத்தான் படித்திருந்தாள்.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது, 1998இல் அவர் தொடங்கிய 'கஜார்' தொடர். 1925 வரை ஈரானை ஆண்டது கஜார் வம்சம். அந்த வம்சத்து மன்னர் நாஸிருத்தீன் ஷா பெரிய கேமரா பித்தர். அந்தப்புரப் பெண்களைத் தாமே படமெடுத்தவர். அந்தக் காலத்து ஸ்டூடியோவை கதிரியான் மீண்டும் அமைத்தார். வரைந்த திரைச்சீலை, பழைய உடை, விறைப்பான நிலை. தெரிந்த பெண்களையே நிற்கவைத்தார். ஒருத்தி கையில் பெப்சி டின். இன்னொருத்தியிடம் பெரிய கேசட் ரேடியோ. வேறொரு படத்தில் மிதிவண்டி. பார்த்ததும் சிரிப்பு வரும். ஆனால் படத்தில் உள்ளவர்கள் சிரிப்பதில்லை. நேராக நம்மையே பார்க்கிறார்கள். அன்று மன்னர் பெண்களைப் பார்த்தார். இங்கே கேமராவுக்குப் பின்னாலும் ஒரு பெண்.

அங்கே சிக்கல் எதுவும் இல்லை என்று சொல்ல வரவில்லை. 1979 புரட்சிக்குப் பின் ஈரானில் முக்காடு சட்டப்படி கட்டாயமானது. 2022இல் மஹ்சா அமினி காவலில் இறந்தபின் அந்நாட்டுப் பெண்கள் தெருவுக்கு வந்ததை நாம் அனைவரும் பார்த்தோம். கட்டாயத்தை எதிர்ப்பது வேறு. துணியைக் கண்டதுமே அதை அணிந்தவளுக்காகப் பரிதாபப்படுவது வேறு. இரண்டாவதைத்தான் நான் அன்று செய்தேன். மூன்று வருடமாக என்னோடு படிப்பவளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே. கதிரியான் வெளியிலிருந்து யாரையும் மீட்க வரவில்லை. அந்தச் சமூகத்துக்குள் இருந்துகொண்டு, தம் வீட்டையும் தம் வரலாற்றையும் கேலியோடு பார்க்கிறார். அதனால்தான் அவர் படங்களில் பரிதாபம் இல்லை.

இந்தத் தவணை எங்களுக்கு உருவப்பட ஒப்படைப்பு. தோழியைக் கேட்டேன். சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு: கையில் எதைப் பிடிப்பது என்பதை அவள்தான் முடிவுசெய்வாளாம். என்ன கொண்டுவரப் போகிறாள் என்று இன்னும் சொல்லவில்லை.