சங்கிலியை யார் கழற்றுவது?

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து காப்பவர் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொன்னார் வள்ளுவர். மனநோயைப் பொறுத்தவரை, நம் நாட்டில் குறைவின்றி இருப்பது முதல் உறுப்பு ஒன்றுதான் என்பேன்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். பள்ளியில் முதல் மாணவர். இருபது வயதில், யாரோ காதருகே பேசுவதாகச் சொல்லி அஞ்சத் தொடங்கினார். 'காத்து கருப்பு' என்று கோயில் கோயிலாக அலைந்ததில் நான்கு ஆண்டுகள் கழிந்தன. பிறகே மருத்துவரிடம் சென்றனர். மருந்து உண்டார், தேறினார், வயல் வேலைக்கும் போனார். ஆனால், மாதந்தோறும் நகரத்துக்கு அழைத்துச் சென்று வர, அவர் தாய்க்கு ஒரு நாள் கூலி போயிற்று. மருந்து இருப்பில் இல்லாத மாதங்களில் இரண்டு நாள் கூலி போயிற்று. மருந்து நின்றது, நோய் திரும்பியது. ஒருநாள் அவர் காலில் சங்கிலியைக் கண்டேன். பூட்டியவர் பெற்ற தாய்! அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டவர் 28 பேர். 2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. அருகிலேயே சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. நல்ல சட்டம். ஆனால், 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, தேவையுள்ளோரில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் சிகிச்சையின்றி இருப்பதைக் காட்டியது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் என்ற நிலையைக்கூட நாடு எட்டவில்லை. சட்டத்தால் சங்கிலியைத் தடுக்க முடியும். தாயின் கூலியை ஈடுகட்ட முடியுமா? 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் மருந்து, ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையின்றிக் கிடைக்கும் நாளில்தான் சங்கிலி கழலும்.

அரசு மட்டுமா குற்றவாளி? 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கி வகுப்பறையில் சிரிக்கிறோமே! 1794 முதல் வரலாறு உடைய மருத்துவமனை இருக்கும் இடம் அது. நானும் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியல்லவா அந்தத் தாய் நான்காண்டுகள் மருத்துவமனை வாயிலை மிதிக்கவில்லை!

நண்பர்களே, மருத்துவரை நாம் உருவாக்க இயலாது. மருந்தை வழங்க இயலாது. நான்காம் உறுப்பாக, உடனிருந்து காப்பவராக, நம்மால் ஆக முடியும். உறக்கமின்றித் தவிக்கும் தோழனைக் கேலி செய்யாமல் அருகமர்ந்து கேட்போம். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணைச் சொல்வோம். மருத்துவரிடம் உடன் செல்வோம். சிரிப்பை நாம் நிறுத்தினால், சங்கிலியின் ஒரு கண்ணியாவது அறும்.