பழைய ஜீப்பும் புதிய வின்ச்சும்

பழைய லான்ட் றோவர் ஜீப் ஒன்றை வைத்திருப்பவரிடம், வண்டியில் என்ன திருத்தம் செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முன்பக்கத்தில் பூட்டியிருக்கும் புதிய வின்ச்சைத்தான் முதலில் காட்டுவார். அந்த வின்ச்சைத் தாங்கி நிற்கும் சட்டகத்தின் உட்புறம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. வெளியில் தெரிவது முதலில், உயிரைக் காப்பது கடைசியில் என்ற இந்த வரிசையை மாற்றியாக வேண்டும்.

1948ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அறிமுகமான இந்த வண்டி, இலங்கையின் மலையகத் தோட்டப் பாதைகளில் பல தலைமுறைகளாக ஓடியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலையும் மதிப்பும் கூடின. கொல்லையில் கிடந்தவை கூடக் கராஜுக்கு வந்தன. எனவே அவற்றை எப்படிப் புதுப்பிப்பது என்பது வெறும் பொழுதுபோக்குக்காரரின் கேள்வியன்று.

முதலில் எரிபற்றலைப் பார்ப்போம். பழைய முறையில், டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒருமுறை திறந்து மூடும். அதன் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு அளவில் இருக்க வேண்டும். தேய்மானத்தால் அது மாறினால் தீப்பொறியின் நேரமும் மாறும். ஏற்றத்தில் இழுவை குறையும், பெற்றோல் வீணாகும். இலத்திரனியல் எரிபற்றலில் இந்தத் தேய்மானம் இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. 1967க்கு முற்பட்ட லான்ட் றோவர்களில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனை அறியாமல் எதிர்முனை இணைப்புக்கான கருவியைப் பூட்டினால், சாவியைத் திருப்பிய கணத்திலேயே அது கருகிவிடும்.

பொயின்ற் என்றால் நடுக்காட்டில் தீட்டுத்தாளால் தேய்த்துச் சரிசெய்து வீடு திரும்பலாம், இலத்திரனியல் கருவி பழுதானால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று பழைய மெக்கானிக்மார் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. அதற்கு விடையும் எளிது. கழற்றிய பொயின்ற்றையும் கொண்டென்சரையும் எறியாமல் கருவிப் பெட்டியில் வைத்திருங்கள். புதியதை நம்புவதற்காகப் பழையதைக் கைவிட வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

அடுத்தது எரிபொருள். குறுகிய சில்லிடைத் தூரம் கொண்ட பழைய லான்ட் றோவரில் பெற்றோல் தாங்கி வலப்புற முன்னிருக்கைக்குக் கீழே இருக்கிறது. நம் நாட்டில் அது சாரதியின் இருக்கை. அதிலிருந்து செல்லும் றப்பர் குழாய் வெடித்துக் கசிந்தால் விளைவு என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2021 செப்ரெம்பரிலிருந்து சாதாரணப் பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலக்கப்படுகிறது. இந்தியாவில் அது 20 வீதத்தை எட்டிவிட்டது. எதனோல் பழைய றப்பரை அரிக்கும், ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். அந்நாடுகளில் பழைய ஜீப் வைத்திருக்கும் நம்மவர்கள் காபரேற்றரை மாற்றுவதற்கு முன், எதனோலைத் தாங்கும் குழாய்களை மாற்ற வேண்டும்.

மின்சாரப் பெற்றோல் பம்ப் பூட்டுவோர் இன்னும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய காபரேற்றருக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 இறாத்தல் அழுத்தம் போதும். மிஞ்சினால் பெற்றோல் வழியும். அத்துடன் வண்டி மோதினாலோ கவிழ்ந்தாலோ பம்ப்பைத் தானாக நிறுத்தும் ஆளி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், இயந்திரம் நின்ற பின்னும் பம்ப் பெற்றோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

எங்கள் ஆட்கள் மண்ணெண்ணெயிலேயே கார் ஓட்டியவர்கள், இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் கைவண்ணம் வணக்கத்துக்குரியது. ஆயினும் முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்ததையும், இயந்திரங்கள் விரைவில் தேய்ந்ததையும் அதே மெக்கானிக்மார் அறிவர். அது வேறு வழியற்ற காலத்தின் கலை. வழி இருக்கும்போதும் ஒட்டுப்போட்டு ஓடுவது கெட்டித்தனமல்ல.

இறுதியாக மீட்புக் கருவிகள். லான்ட் றோவரின் உடல் அலுமினியக் கலவை, துருப்பிடிக்காது. சட்டகமோ இரும்பு, உள்ளிருந்து துருப்பிடிக்கும். பளபளக்கும் உடல் இற்றுப்போன எலும்பை மறைத்துவிடுகிறது. முழுச் சுமையுடன் 2 தொன் நிறையுள்ள வண்டிக்கு, அதன் ஒன்றரை மடங்கான 3 தொன் வின்ச் வேண்டும் என்பது பொதுவிதி. அந்த 3 தொன் இழுவையை இற்ற இரும்பு தாங்குமா? சேற்றில் புதைந்த வண்டியை இழுபடும் கயிற்றால் வெடுக்கென இழுக்கும்போது, கொக்கி பிய்ந்தால் அது பீரங்கிக் குண்டுபோல் பறக்கும். இழுவண்டி பூட்டும் உருண்டைக் குமிழில் கயிற்றை மாட்டி இழுத்தபோது அது பிய்ந்து பறந்து, உயிர்கள் பலியான சம்பவங்கள் அவுஸ்திரேலியாவில் பதிவாகியுள்ளன.

ஆகவே என் வரிசை இதுதான். முதலில் சுத்தியலால் தட்டிச் சட்டகத்தைச் சோதியுங்கள். இற்ற பகுதியை வெட்டிப் புது இரும்பை ஒட்டுங்கள். பின்னர் பெற்றோல் குழாய்கள், அதன்பின் எரிபற்றல். அதற்கடுத்து, தாங்கும் நிறை பொறிக்கப்பட்ட கொக்கிகளைச் சட்டகத்தில் பூட்டுங்கள். வின்ச் கடைசியில் வரட்டும். இழுக்கும் வேளையில், கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் அனைவரையும் நிறுத்துங்கள். வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களை அதற்கும் அப்பால் அனுப்புங்கள். வண்டி சேற்றில் ஓரிரவு கிடந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.