துளையா, கட்டா?

பாரிவாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பூந்தமல்லியை ஒட்டிய நம் ஊரில் கடல் இல்லை, ஏரிதான் உண்டு. இப்பக்கத்து ஏரிகளில் மீன் பிடிப்பவர்கள் லாரி டியூப்பின்மேல் அமர்ந்தோ, தெர்மாகோல் பலகைகளைச் சாக்கில் திணித்துக் கட்டிய மிதவைமேல் அமர்ந்தோ வலை விரிக்கிறார்கள். அவற்றைப் படகு என்று யாரும் அழைப்பதில்லை. ஆயினும் சென்ற சில மாதங்களாக நம் தெருவில் ஒரு படகு உருவாகி வருகிறது. அதுவும் மொட்டை மாடியில்.

கட்டுபவர் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் இளைஞர். தூண்டில் போடுவதில் பெரும் பித்து. கயாக் வகையில், உள்ளே கால் நுழைத்து அமராமல் மேல்தட்டின்மீதே அமர்ந்து துடுப்பு வலிக்கும் படகு அது. (‘மேலமர் படகு’ என்று சொல்லிப் பார்த்தோம், சிரித்துவிட்டார்.) ஆறு மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையை வரைபடத்தின்படி அறுத்து, விளிம்புகளில் சிறு துளையிட்டுச் செப்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் எபாக்சிப் பிசினும் கண்ணாடி இழைத் துணியும் ஒட்டி இறுக்கியிருக்கிறார். கைத்திறன் உள்ள பிள்ளை. பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

கருத்து வேறுபாடு அதற்குப் பிறகுதான் வந்தது. படகு முடிந்ததும் அதை மீன்பிடிக்கு ஏற்றபடி மாற்ற வேண்டுமாம். தூண்டில்கோல் செருகுவதற்கு நான்கு தாங்கிகள், மீன் காட்டும் கருவிக்கு ஒரு பீடம், நங்கூரக் கயிற்றுக்கு ஒரு கப்பி, முதுகு சாயும் இருக்கை, பின்னால் பனிப்பெட்டி. ஒவ்வொன்றையும் எங்கே திருகாணியால் பொருத்துவது என்று மேல்தட்டில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். எண்ணினோம்: இருபத்தாறு.

“சார், இதுக்கெல்லாம் தமிழ்ல என்ன பேரு?” என்று கேட்டார். தமிழாசிரியர் என்றால் எல்லாச் சொல்லும் சட்டைப்பையில் இருக்கும் என்பது பொதுநம்பிக்கை. நமக்கு அம்பி தெரியும், திமில் தெரியும், பஃறி, வங்கம், நாவாய் எல்லாம் தெரியும். நெய்தல் திணையை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறோம். ஆனால் படகின் முன்பகுதிக்கு அணியம் என்று பெயர் என்பதற்குமேல் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. ஏறத்தாழ 25 கி.மீ. கிழக்கே, நொச்சிக்குப்பத்தில், இச்சொற்களோடு பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நாம் ஒரு நாளும் போய்க் கேட்டதில்லை. அந்த வெட்கமே நம்மை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குத் துரத்தியது. இளைஞரும் உடன் வந்தார்.

அங்கே நிற்பவை இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகுகளே. கட்டுமரம் ஓட்டிப் பழகிய முதியவர் ஒருவரிடம் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். பென்சில் புள்ளிகளைச் சுட்டி, “இன்னா இது?” என்றார். விளக்கினோம். “மரத்துல ஓட்ட போட்டா தண்ணி பூரும் சார். கட்டுனா அவுக்கலாம்” என்றார். அவ்வளவுதான். பிறகு வலை பின்னப் போய்விட்டார்.

(அவர் ‘மரம்’ என்றது கட்டுமரத்தை. கடற்கரையில் அதற்கு ‘மரம்’ என்றே பெயர். ‘கட்டு’ என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் நம்மைப் போன்ற வெளியார்.)

அந்த இரண்டு வாக்கியங்களை வீடு திரும்பும்வரை அசைபோட்டோம். இக்கட்டுரையும் அவற்றின் விரிவுரையே என்று கொள்ளலாம்.

கட்டுமரத்துக்கு ‘உள்ளே’ என்ற ஒன்று கிடையாது. இலேசான மரத்துண்டுகளை அடுக்கிக் கயிற்றால் பிணைக்கிறார்கள். நடுமரம் சற்றுத் தாழ்ந்து நிற்கும். அலை மேலே ஏறினால் இடுக்குகளின் வழியே இறங்கிப் போய்விடும். கவிழலாம், ஆனால் நிரம்பி மூழ்காது; நிரம்புவதற்கு அதில் குழியே இல்லை. இளைஞரின் படகோ ஒரு மூடிய பெட்டி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் ‘மேலமர்’ வகை. மிதக்கும் தத்துவம் வேறு. பெட்டிக்குள் இருக்கும் காற்றுதான் அதை மிதக்க வைக்கிறது. திருகாணி ஒன்று தளர்ந்து உள்ளே நீர் கசிந்தால் மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. உட்புகுந்த நீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடும். சாய்வை மேலும் சாய்க்கும். கரையிலிருந்து அரைக் கல் தொலைவில், மடியில் ஒரு பெரிய கொடுவாய் துள்ளும்போது இது நேர்ந்தால் என்ன ஆகும்?

பலகைக்கும் துளை ஆகாது. ஒட்டுப்பலகையின் அறுபட்ட விளிம்பு நீரை உறிஞ்சும், அடுக்குகள் பிரியும், உளுத்துப்போகும். இதை அறிந்த படகுத் தச்சர்கள், துளையைத் தேவைக்குமேல் பெரிதாகப் போட்டு, பிசினால் நிரப்பி, பிசின் இறுகியபின் அதன் நடுவே சிறிய துளை போடுகிறார்கள். நல்ல முறைதான். இருபத்தாறு முறை அவ்வாறு செய்யும் பொறுமை எவருக்கு உண்டு? இருபதாவது துளையில் கை அவசரப்படும்.

நிற்க. ‘ஏற்றபடி மாற்றிக்கொள்ளுதல்’ என்பதை இளைஞர் ஒரு புதிய கலைபோலப் பேசினார். மேலமர் கயாக்கைக் கலிபோர்னியாவில் 1970களில் டிம் நீமியர் என்பவர் உருவாக்கினார் என்பது அவர் சொல்லி நாம் அறிந்தது. ஆனால் மாற்றிக்கொள்ளும் கலையில் கட்டுமரத்தை மிஞ்சிய கலம் எது? அது நாள்தோறும் அவிழ்க்கப்பட்டு நாள்தோறும் கட்டப்பட்டது. கரையேறியதும் மரங்களைப் பிரித்து மணலில் உலர்த்துவார்கள். நீர் ஊறிய மரம் மிதப்பு குன்றும். மறுபடி கட்டும்போது தொழிலுக்கு ஏற்றபடி மரங்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், சோழமண்டலக் கடற்கரையின் தென்பகுதியில் கோலா மீன் பிடிப்பதற்கென்றே பெரிதாகக் கட்டப்பட்ட கோலாமரத்தை விவரிக்கிறார். அப்பெயரிலேயே மீனும் மரமும் சேர்ந்திருப்பதைப் பாருங்கள்.

ஆங்கிலத்துக்குப் போன சொல்லின் கதை வேறு. 1697இல் அச்சான தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் நம் கட்டுமரத்தைக் குறிப்பிட்டார். 1876இல் அமெரிக்காவின் நத்தானியேல் ஹெரஷாஃப் கட்டிய இரட்டை உடல் படகு நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளைத் தோற்கடித்தது. அவ்வகைக்குக் ‘கேட்டமரான்’ என்ற பெயர் நிலைத்தது. இன்று அச்சொல்லைக் கேட்டால் உலகத்தாரின் மனக்கண்ணில் எழுவது அந்த இரட்டைப் படகே. சொல்லை எடுத்துக்கொண்டார்கள், கட்டை விட்டுவிட்டார்கள்.

தையலும் நமக்குப் புதிதன்று. துறைமுகம் எழுவதற்கு முன், சென்னையில் கப்பலிலிருந்து பயணிகளைக் கரைசேர்த்த மசூலாப் படகுகள் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவை. அலை அறைந்தால் ஆணி அடித்த படகு பிளக்கும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அவற்றுக்குத் துணையாகக் கட்டுமரக்காரர்கள் செல்வார்கள், கடலில் விழுந்தவர்களைத் தூக்க. பின்னர் 1980களில் குமரிக் கடற்கரையின் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் செய்து பார்க்கப்பட்டன. அம்முயற்சியில் ஈடுபட்ட பெல்ஜிய நாட்டவரான பியர் ஜில்லே 1985இல் எழுதிய நூலுக்குத் ‘சிறியது கடினம்’ என்ற பொருளில் தலைப்பிட்டார். மொட்டை மாடியில் நின்று பார்த்தால் அத்தலைப்பின் அருமை விளங்கும்.

இதையெல்லாம் பழம்பெருமை பேசுவதாக எவரும் கொள்ள வேண்டாம். மீனவர்கள் கட்டுமரத்தை விட்டது தக்க காரணத்தோடுதான். நாளெல்லாம் இடுப்பளவு ஈரத்தில் மண்டியிட்டிருப்பதன் வலியை நாற்காலியில் அமர்ந்து எழுதுபவர் அளக்க முடியாது. ஏற்ற மரமும் கிடைப்பது அரிதாயிற்று. ஃபைபர் படகும் வெளிப்பொருத்து இயந்திரமும் தொலைதூரம் கொண்டுசென்றன. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்தவையும் ஃபைபர் படகுகளே. அவர்கள் கட்டுமரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பொழுதுபோக்குக்காகப் படகு கட்டுபவரிடம் மட்டும் சொல்லலாம்: கலம் எதுவாயினும் ஆகுக, கட்டும் அறிவை எடுத்துக்கொள்.

செய்முறை எளிது. கெட்டி மரத்தில் கைப்பிடி அளவுக் கட்டைகள் செய்து, அவற்றில் துளையிட்டு, மேல்தட்டின்மீது பிசினால் ஒட்ட வேண்டும். துளை கட்டையில் இருக்கும், தட்டில் இராது. தாங்கி, பெட்டி, இருக்கை யாவும் அக்கட்டைகளில் கயிற்றால் கட்டப்படும். நைலான் நனைந்தால் நெகிழும், பாலியெஸ்டர் மேல். நங்கூரக் கயிறு அணியத்திலோ பின்முனையிலோதான் போக வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் நீரோட்டம் படகைக் கவிழ்த்துவிடும். கயிறு மிகுந்த படகில் காலில் சிக்கும் ஆபத்து உண்டு. ஒரு கத்தி எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

“கட்டை பிடுங்கிக்கிட்டு வந்துட்டா, சார்?” என்று இளைஞர் கேட்டார். வரட்டும். தூண்டில்கோல் போகும், தட்டில் ஓட்டை விழாது. அவர் நம்பவில்லை. ஒரு கட்டையை வீணான பலகைத் துண்டில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து அதில் கயிறு கட்டித் தொங்கிப் பார்த்தார். கயிறு கையை அறுத்தது, கட்டை அசையவில்லை.

பென்சில் புள்ளிகளில் இருபத்திரண்டை அழித்துவிட்டார். மீன் காட்டும் கருவியின் பீடத்துக்கான நான்கை விடவில்லை. அக்கருவி ஆடக்கூடாதாம், கட்டினால் ஆடுமாம். அதைக் குறித்து வழக்கு இன்னும் முடியவில்லை. நொச்சிக்குப்பத்துக்கு மறுபடியும் போகவேண்டும், இம்முறை குறிப்பேட்டோடு. நம் வகுப்பில் கடற்கரைக் குடும்பத்து மாணவி ஒருத்தி இருக்கிறாள். திமிலுக்கு நாம் உரை சொன்னபோதெல்லாம் அவள் ஏன் தலையைக் குனிந்துகொண்டாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. கயிற்று முடிச்சுகளின் பெயர்களை அவளுடைய தாத்தாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் தவணையாக எட்டுச் சொற்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட நாம் கேள்விப்பட்டதில்லை.