பச்சையின் விலை

வால்பாறைக்கு வாருங்கள் என்கிறார்கள். வரத்தான் வேண்டும்! ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் சுமார் 3,500 அடி உயரத்தில் ஓர் அமைதியான சிற்றூர். மேகம் தெருவில் இறங்கி நடக்கும். இருவாய்ச்சி தலைக்குமேல் பறக்கும். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு சாலையைக் கடக்கும். இயற்கை அன்னையின் மடி என்று புகழாத பயணி இல்லை.

நாம் கேட்பது ஒன்றே: அந்தப் பச்சை யார் வளர்த்த பச்சை?

கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்திருக்கும் தேயிலை, இயற்கை தந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைத் துரைமார் காட்டை அழிக்கச் சொன்னார்கள். அழித்து நட்டவன் ஏழைத் தமிழன். கங்காணி நீட்டிய முன்பணத்துக்குக் கட்டுண்டு மலையேறியவன். மலேரியாவுக்கும் பிரம்படிக்கும் பலியானவன். தோட்ட மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் அதனை 1969இல் ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவலாக்கினார். ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழிலும் வந்தது. படித்தவர் கையில் தேநீர்க் கோப்பை கனக்கும்!

துரை போனார்; லைன் வீடு போயிற்றா? 1951ஆம் ஆண்டுச் சட்டம் வீடும் மருத்துவமும் தோட்ட முதலாளியின் கடமை என்றது. ஆனால் வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் மூட்டை கட்டவேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவளுக்கு அந்த மலையில் ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை. இரண்டு நாள் வருகிற நமக்கோ மெத்தை போட்ட அறை!

இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஏழைகள் வந்து கொழுந்து பறிக்கிறார்கள். 2025 ஜூனில் அப்படி வந்த ஒரு குடும்பத்தின் பெண் குழந்தையைச் சிறுத்தை கவ்விச் சென்றது. நாம் அமைதி என்று ரசிக்கும் இருளில்தான் அவர்கள் பிள்ளைகளை வளர்க்கிறார்கள்.

சுற்றுலா பெருகினால் பிழைப்பும் பெருகாதா என்பர் சிலர். பெருகட்டும்! ஆனால் யாருக்கு? ஓய்வு பெறும் தொழிலாளிக்கு வீட்டுமனையும் பட்டாவும் கொடுத்துவிட்டு அந்தக் கணக்கைப் பேசுங்கள். வீட்டைச் சுற்றி விளக்கும் வேலியும் அமைத்துவிட்டு விளம்பரம் செய்யுங்கள்.

பயணிகளுக்கும் ஒரு சொல். குரங்குக்குத் தீனி போடாதீர்; பிளாஸ்டிக்கை வீசாதீர்; வண்டியை மெல்ல ஓட்டுங்கள். பனியைப் பாருங்கள், அந்தப் பனியில் குனிந்து நிற்கும் முதுகுகளையும் பாருங்கள். பார்த்தபின் ஊர் திரும்பி, அவர்களுக்காக உரக்கப் பேசுங்கள்!