நச்சுக் காற்றை வைட்டமின் வெல்லுமா?

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் மலைகள். கிண்ணத்தின் அடியில் ஊர் இருப்பது போல! கார்களும் ஆலைகளும் விடும் புகை எளிதில் வெளியேற முடியாது.

உலகிலேயே காற்று மிகவும் கெட்ட நகரம் என்று 1992-ல் ஐக்கிய நாடுகள் சபை இந்த ஊரைத்தான் குறிப்பிட்டது.

இழுப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு இந்தக் காற்று பெரும் பகை. அவர்களுக்கு வைட்டமின் கொடுத்தால் நுரையீரல் தாங்குமா? டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள்.

ஆப்பிள் கறுப்பது ஏன்?

புகையின் மேல் வெயில் பட்டால் 'ஓசோன்' என்ற வாயு உண்டாகிறது. வானத்தின் உயரத்தில் உள்ள ஓசோன் நமக்குக் குடை. தரையில் உள்ள ஓசோன் நமக்கு நஞ்சு.

ஆப்பிளை வெட்டி வைத்தால் சிறிது நேரத்தில் கறுத்து விடுகிறது. இது காற்றில் உள்ள பிராண வாயுவின் வேலை. ஓசோன் அதைவிட மூர்க்கமானது. நுரையீரலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. மூச்சுக் குழாய் வீங்கிச் சுருங்குகிறது.

வெட்டிய ஆப்பிளில் எலுமிச்சம் பழச் சாறு தடவினால் சீக்கிரம் கறுக்காது. சாற்றில் உள்ள வைட்டமின் 'சி' தாக்குதலைத் தான் ஏற்றுக் கொள்கிறது. நுரையீரலின் உட்சுவரில் உள்ள மெல்லிய நீர்ப் படலத்திலும் வைட்டமின் 'சி' உண்டு. அதுவும் இதே காவல் வேலையைச் செய்கிறது. வைட்டமின் 'ஈ' அதற்குத் துணை.

158 குழந்தைகள்

சோதனையில் இழுப்பு நோய் உள்ள 158 குழந்தைகள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் வைட்டமின் 'சி' 250 மில்லி கிராம், 'ஈ' 50 மில்லி கிராம். மற்றப் பிரிவுக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை.

முடிவு 2002-ல் வெளிவந்தது. நோய் சற்றுக் கடுமையாக உள்ள குழந்தைகளில்தான் வேற்றுமை தெரிந்தது. ஓசோன் கூடிய போது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களின் மூச்சு வேகம் குறைந்தது. வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் குறையவில்லை!

மாத்திரையால் வந்த ஆபத்து

அப்படியானால் எல்லோரும் மாத்திரை வாங்கி விழுங்கலாமா? கூடாது!

பின்லாந்து நாட்டில் சிகரெட் பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. கேரட்டில் உள்ள 'பீட்டா கரோட்டின்' சத்தைச் சிலருக்கு மாத்திரையாகக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. புற்றுநோய் குறையவில்லை, 18 சதவிகிதம் கூடியிருந்தது!

கேரட் சாப்பிட்டால் ஆபத்து என்பது இதற்குப் பொருள் அல்ல. சத்தைத் தனி மாத்திரையாக, அதிக அளவில், சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கொடுத்தபோதுதான் இந்த வினை வந்தது.

கொய்யா போதுமே!

கொய்யா அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த பழம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லி கிராமுக்கு மேல் வைட்டமின் 'சி' இருக்கிறது. வேர்க்கடலையில் வைட்டமின் 'ஈ' உண்டு. இவற்றை உணவோடு சேர்க்கலாம். ஆனால் டாக்டர் கொடுத்த இழுப்பு மருந்தை நிறுத்தக் கூடாது.

மெக்சிகோ நகரம் வைட்டமினை மட்டும் நம்பி இருக்கவில்லை. ஊருக்குள் இருந்த பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1991-ல் மூடப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது. புதிய கார்களில் புகையின் நஞ்சைக் குறைக்கும் கருவி வந்தது. காற்று முன்னைவிடத் தெளிந்தது. ஆனாலும் ஓசோன் எச்சரிக்கை இன்னும் வந்து கொண்டுதான் இருக்கிறது.

தட்டில் பழம் வைப்பது வீட்டாரின் வேலை. காற்றைச் சுத்தமாக வைப்பது சர்க்காரின் வேலை. ஒன்று நடந்தால் மற்றொன்று வேண்டாம் என்பது இல்லை.