பழையதும் பரீட்சையும்

கீழப்பாவூரில் பிசான நடவுக்கு வந்த தோழர்கள் வரப்பில் உட்கார்ந்து பழையது சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், டவுன்காரர் ஒருவர் ஒரு டப்பாவைக் காட்டி, "இதிலிருப்பதும் உங்கள் பழையதிலுள்ள கிருமிதான். நம் முன்னோர்கள் கண்டது. கெடுதலே வராது" என்று பிரசங்கம் செய்தாராம். டப்பாவுக்குப் பெயர் புரோபயாட்டிக். விலையோ ஒரு நாள் கூலிக்கு மேல். நேற்றுவரை கூலிக்காரன் கஞ்சி என்று மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள், இன்று அதையே டப்பாவில் அடைத்து நமக்கே விற்க வருவது வேடிக்கைதான். நிற்க.

முன்னோர்கள் சாப்பிட்டார்கள் என்பது ஒரு பொருளின் யோக்கியதைக்கு அத்தாட்சியாகுமா? குளத்துத் தண்ணீரையுந்தான் அப்படியே குடித்தார்கள், காலராவில் செத்தார்கள், அம்மன் கோபம் என்றார்கள்.

பழையதை நாம் குறை கூறவில்லை. நாமும் அதைக் குடித்தே வளர்ந்தவர்கள். ஆனால், பானையில் பலவாகக் கலந்திருப்பவைகளில் ஒன்றைப் பிரித்தெடுத்து, கோடிக்கணக்கில் பெருக்கி, நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் கொடுப்பது வேறு சங்கதியல்லவா? இட்லி மாவைப் புளிக்கவைக்கும் கிருமிகளில் எண்டரோகாக்கஸ் என்பதும் ஒன்று. (இட்லி ஆவியில் வெந்ததும் அது செத்துப்போகும், பயம் வேண்டாம்.) அதே எண்டரோகாக்கஸ் குடும்பத்தில், எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காமல், ஆஸ்பத்திரிகளில் ரத்தத்தில் புகுந்து ஆளைக் கொல்பவைகளும் இருக்கின்றன. ஜாதிப் பெயரைக்கொண்டு யோக்கியதையைத் தீர்மானிக்கக்கூடாதென்று மனிதர் விஷயத்தில் நாம் சொல்லிவருவது, கிருமி விஷயத்திலும் உண்மையாகவே இருக்கிறது.

ஆகவேதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சர்க்கார் பயோடெக்னாலஜி இலாகாவும் 2011-இல் விதிகள் வகுத்தன. கிருமியின் குடும்பம் மட்டுமல்ல, இன்ன கிளை என்பதுவரை தெரியவேண்டும். மருந்துகளுக்கு அடங்குகிறதா, விஷம் கக்குகிறதா, ரத்தம் கலந்த தட்டில் வளர்த்தால் சிவப்பணுவைக் கரைக்கிறதா என்று பார்க்கவேண்டும். மருந்துக்கு அடங்காத குணத்தை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடக்கூடும். பிறகு எலி முதலியவைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கடைசியில்தான் மனிதரிடம் வரவேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பீர்களானால், ஹாலந்து தேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். கணையம் கடுமையாக வீங்கிய 152 நோயாளிகளுக்குப் பாலைப் புளிக்கவைக்கும் வகையும் சேர்ந்த ஆறுவிதக் கிருமிக் கலவையையும், வேறு 144 பேருக்குக் கிருமியில்லாத வெறும் தூளையும் கொடுத்தார்கள். நன்மை வருமென்று நம்பியே கொடுத்தார்கள். 2008-இல் வெளியான கணக்குப்படி கிருமி பெற்றவர்களில் 24 பேரும், வெறும் தூள் பெற்றவர்களில் 9 பேரும் மாண்டார்கள். பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்திராவிட்டால் அந்த 24 சாவும் விதியின் தலையிலேயே எழுதப்பட்டிருக்கும்.

நடவுக்காரர்களில் ஒரு அம்மாள், "எந்தக் கிருமி, எவ்வளவு உயிரோடிருக்கிறதென்று டப்பாமேலே போட்டிருக்கா அய்யா?" என்று கேட்டாராம். அந்த இரண்டையும் அச்சிடவேண்டுமென்பது மேற்படி விதிகளிலேயே இருக்கிறது. டவுன்காரர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்பெனியைக் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனாராம். நடவு முடிந்துவிட்டது, ஆள் இன்னும் வந்தபாடில்லை.