பலகை யாருக்குக் காவல்?

இரயில் தண்டவாளத்தில் வேலை செய்யும் தொழிலாளிக்கு எச்சரிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. சிவப்புக் கொடி உண்டு, பலகை உண்டு, விளக்கு உண்டு, ஊதல் உண்டு. இத்தனையும் இருந்தும் அவன் சாகிறான். செத்த பிறகு, "பலகை வைத்திருந்தோமே, அவன்தானே கவனிக்கவில்லை" என்ற பேச்சு எழுகிறது. இந்தப் பேச்சை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். தொழிலாளியின் உயிரைக் காக்க வைத்த பலகை, நிர்வாகத்தின் பெயரைக் காக்கும் பலகையாக மாறக் கூடாது.

கம்பிச் சடக்கு நமக்கு அந்நியமானதல்ல. 1885ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. அதன்பின் சடக்கு நீண்ட இடங்களிலெல்லாம் மண் வெட்டியும் கட்டை சுமந்தும் உழைத்தவர்களில் தமிழர் ஏராளம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்-பர்மா பாதை போட ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனவர்களில் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. ஆகவே, தண்டவாளத்தில் நிற்பவனின் உயிரைப் பற்றிக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

இந்தியாவில் அகல இரயில் பாதையில் வேலைக்காகப் பாதை அடைபட்டால், 600 மீட்டருக்கு முன்னால் பாதையின் குறுக்கே சிவப்புப் பதாகை கட்ட வேண்டும். 1,200 மீட்டருக்கு முன்னால், பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகளைத் தண்டவாளத்தின் மேல் பொருத்த வேண்டும். சக்கரம் ஏறியதும் வெடி வெடிக்கும். ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். மூடுபனியில் கொடி தெரியாது என்பதால் 1841ல் இங்கிலாந்தில் கௌப்பர் என்பவர் கண்டுபிடித்த முறை இது. நல்ல விதிதான். ஆனால் இது பாதையை அடைத்துச் செய்யும் வேலைக்கு உரிய விதி. ஆணியும் சாவியும் சரிபார்த்துக்கொண்டு தன்னந்தனியே மைல் கணக்கில் நடக்கும் கீமேனுக்கு முன்னும் பின்னும் யார் வெடி வைப்பது?

வெடியைக் கண்டுபிடித்த பிரிட்டனையே பாருங்கள். அங்கே தண்டவாளத்தில் ஆளைக் கண்டால் ஓட்டுநர் ஊத வேண்டும். தொழிலாளி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். 2019 ஜூலை 3 அன்று வேல்ஸ் நாட்டு மார்கம் என்னுமிடத்தில் இரண்டு தொழிலாளர் இரயிலில் அடிபட்டு இறந்தனர். பெரும் இரைச்சல் போடும் யந்திரத்தால் மரைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இரயிலைப் பார்த்துச் சொல்லக் காவலாள் ஒருவரும் அங்கில்லை. யந்திர இரைச்சலில் நிற்பவன் காதில் ஊதல் எப்படி விழும்?

நமக்குப் பக்கத்திலே சிங்கப்பூர் இருக்கிறது. 2016 மார்ச் 22 அன்று பாசிர் ரிஸ் நிலையத்தருகே, பழகுநராக இருந்த இரண்டு இளைஞர்கள் இரயில் மோதி மாண்டார்கள். ஒருவருக்கு வயது 26, மற்றவருக்கு 24. ஆட்கள் பாதையில் இறங்குமுன் அந்தப் பகுதியில் இரயிலின் வேகத்தைப் பூஜ்யமாக்க வேண்டும், காவலாள் நிறுத்த வேண்டும் என்பது விதி. இரண்டும் நடக்கவில்லை. 2017ல் இரயில் நிறுவனத்துக்கு 400,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். அபராதம் கட்டினால் பிள்ளை வருவானா?

2023 ஆகஸ்டு 30 நள்ளிரவுக்குச் சற்று முன், இத்தாலியில் பிராண்டிட்ஸோ நிலையத்தருகே ஐந்து தொழிலாளர் ஒரே நொடியில் மடிந்தனர். இரயிலை நிறுத்தி அனுமதி வருமுன்னே வேலை தொடங்கிவிட்டது. அவர்கள் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். குத்தகை வேலையில் நேரந்தான் துரை, அவசரந்தான் கங்காணி. இதைப் பால்மரக் காட்டில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. 1997 முதல் அமெரிக்காவில் நடப்பில் உள்ள விதி என்ன சொல்கிறது? இரயில் வந்து சேர 15 வினாடிக்கு முன்பே தொழிலாளி ஒதுங்கிய இடத்தில் இருக்க வேண்டும். காவலாளுக்கு வேறு எந்த வேலையும் தரக் கூடாது. பாதுகாப்பு சரியில்லையென்று நேர்மையாக நம்பும் தொழிலாளி, அது தீர்க்கப்படும் வரை பாதையில் இறங்க மறுக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். வண்டிக்கு அடியில் பழுது பார்ப்போர் நீலக் கொடி வைத்தால், அந்த வண்டியை யாரும் அசைக்கக் கூடாது. அந்தக் கொடியை வைத்த பிரிவினர்தாம் எடுக்க வேண்டும். அதிகாரி தம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. தொழிலாளியின் கையில் அதிகாரம் உள்ள கொடி இதுதான்!

"ஒவ்வொரு வேலைக்கும் இரயிலை நிறுத்தினால் போக்குவரத்து என்னாவது?" என்று நிர்வாகத்தார் கேட்பார்கள். கண்ணை மட்டும் நம்பி, இரயில் ஓடும் பாதையில் வேலை செய்யும் பழக்கத்தைப் பிரிட்டன் மார்கம் விபத்துக்குப் பின் சில ஆண்டுகளில் பெருமளவு ஒழித்தது. இரண்டு உயிர் போகும் வரை முடியாதது, போன பிறகு முடிந்தது எப்படி? முடியாமல் இருந்ததில்லை; மனமில்லாமல் இருந்தது!

தோழர்களே, இது இரயில்காரர்களின் கதை மட்டுமல்ல. மருந்து டின்னில் மண்டையோட்டுப் படம் இருக்கிறது. அதை அடிப்பவர் கையில் உறை இருக்கிறதா? மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. உடனடி ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யுமிடத்தில் பாதுகாப்புக் குழு அமைத்தே ஆகவேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உங்கள் வேலையிடத்தில் அந்தக் குழு இருக்கிறதா? அதில் உங்கள் ஆள் இருக்கிறாரா? கடைசியாக எப்போது கூடியது? பெரட்டுக் களத்திலும் ஆபீசிலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் சங்கத்துக்கு எழுதுங்கள். கிராணிமார்களே, எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். "நில்" என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கு இல்லாத இடத்தில், நூறு பலகை நட்டாலும் அவை வெறும் மரக்கட்டைகளே!